வைட்டமின் போத்தலில் ஹார்மோன் மாத்திரை

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு நோயைவிட, நோயை மறைப்பவர்களிடம்தான் பயம் அதிகம். எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் பதினோரு வருடமாக நான் மருந்தாளர். மாதாமாதம் இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தாலும், சுடுநீர்ப் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் உங்களில் நானும் ஒருத்தி. அதனால் உங்களிடம் இதைச் சொல்லலாம்.

எல்லாருக்கும் வருவதுதான்

சர்மிளா கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம்காரி, தீவில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாதம் தவறாமல் வந்து வலி மாத்திரை இரண்டு அட்டை வாங்குவாள். “எல்லாருக்கும் வர்றதுதானேன்னு அம்மா சொல்றாங்க” என்பாள். ஒரு நாள் கவுண்டரைப் பிடித்தபடியே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்கார்ந்த பழக்கம் எனக்கும் உண்டு. ஸ்கேன் எடுக்கச் சொல்லி விரட்டாத குறையாக அனுப்பினேன்.

எண்டோமெட்ரியோசிஸ் என்று மருந்துச் சீட்டோடு திரும்பி வந்தாள். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரி ஒன்று வெளியே ஒட்டி வளர்கிறது, உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதற்குத் தீனி போடுகிறது, மாதவிலக்கில் அதுவும் சேர்ந்து கசிந்து புண்ணாகிறது, அந்தத் தீனியைக் குறைக்கத்தான் இந்த ஹார்மோன் மாத்திரை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, இத சாப்பிட்டா எனக்குப் புள்ளையே பொறக்காதா?”

பெயரில்லாத போத்தல்

மாத்திரையை நிறுத்தினால் மாதவிலக்கும் பிள்ளை பெறும் வாய்ப்பும் திரும்பிவிடும், பயப்படாதே என்றேன். பயம் வேறு இடத்துக்குத் தாவியது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அட்டையைப் பார்த்தால் கர்ப்பத்தடை மாத்திரை என்று அம்மா நினைப்பார், எல்லாம் கெட்டுவிடும் என்று அழுதாள். மாத்திரைகளைப் பிரித்து ஒரு வைட்டமின் போத்தலில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம். இதே வலிக்கு நான் சாப்பிடும் மாத்திரையும் மாமியார் கண்ணில் படாமல் அப்படித்தான் சமையலறையில் இருக்கிறது என்று வேறு தைரியம் சொன்னேன். கல்லாவில் இருந்த மும்தாஜ் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “பேரில்லாம குடுக்குறியே லா, வேற யாராச்சும் வாயில போட்டா என்ன செய்வ?” என்றார்.

அம்மா வந்தார்

இரண்டு மாதம் கழித்து சர்மிளாவின் அம்மா அதே போத்தலோடு வந்து நின்றார். மகள் இதைச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கிறாளாம், தானும் இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறாராம், இன்னொரு போத்தல் வேண்டுமாம். வேறு மருந்து ஏதும் உண்டா என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்தது, அதற்கு ஹார்மோனை அடக்கும் மாத்திரை தினமும் போடுகிறேன் என்றார். அந்த நோய் கண்டவர்கள் தொடவே கூடாத மாத்திரையை நான்தான் அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

எதுவும் சொல்லாமல் போத்தலை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாத்திரை யாருடையது, எதற்கானது, போத்தலில் போட்டது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய டாக்டருக்குப் போன் போட்டேன். போத்தல் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். அம்மா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அவ சுருண்டு படுக்கிறப்பல்லாம் சோம்பேறின்னு ஏசினேனேம்மா” என்றார்.

பதினேழு நாள்

முதலாளியிடம் நானே போய்ச் சொல்லி எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். அது பெரிதாகத் தெரியவில்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் சர்மிளா அழுதுகொண்டு வருவாளோ என்றுதான் பயந்தேன். பதினேழாம் நாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அம்மாவின் ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் அம்மாவே விஷயத்தைச் சொல்லிவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. தன் பெயர் ஒட்டிய அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போன சர்மிளா திரும்பிப் பார்த்தாள். “அக்கா, உங்க வீட்டுப் போத்தல்ல பேர் எழுதிட்டீங்களா?”

பதினோரு வருடமாக ஊராருக்கெல்லாம் லேபிள் ஒட்டிய நான் என் மாத்திரைக்கு ஒட்டியது அன்று சாயங்காலம்தான், அதுவும் மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, சற்றுக் கோணலாக.