கதவுக்குப் பின்னால் கரைந்த கற்கண்டு

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். அம்மா இருந்தவரை வாய் வரவில்லை. அவள் போன பிறகு கை வரவில்லை. பத்தாவது வரை படித்தவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன், முருகன் சாட்சி.

அப்பா முதன்முதலாக செல்போன் வாங்கிய வருஷம். பிழைப்புக்காக விருதுநகர்ப் பக்கமிருந்து ஓசூர் வந்து, கம்பெனிகளுக்குப் பின்புறம் லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் நாலாம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று பெங்களூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பேச்சு கிடையாது. கதவு திறந்திருந்தால் ஓடுவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தெரு முடிகிற இடத்தில் லாரி ரோடு. அம்மா வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "பேசக்கூட வேணாம் முருகா. கூப்பிட்டா வந்தாப் போதும்."

சனிக்கிழமைதோறும் அத்திப்பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் அக்கா தம்பிக்குப் பயிற்சி கொடுக்க பஸ்ஸில் வருவார். கன்னடம் கலந்த தமிழ். அவர் சொல்லிக்கொடுத்த முறை லேசானதுதான். ஒரே ஒரு தடவை 'வா' என்று கூப்பிட வேண்டும். வந்ததும் வாயில் ஒரு இனிப்பு. "உடனே கொடுக்கணும்மா. நோடி, இங்க பாருங்க, மூணு எண்றதுக்குள்ள வாயில இருக்கணும்."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் எங்கள் வீட்டில் சாமிக்குக் காட்டாத இனிப்பு யார் வாயிலும் போகாது. அதனால் டைமண்ட் கற்கண்டு டப்பா பின்கட்டில், அடுப்படி அலமாரியில், முருகன் படத்தடியில் இருந்தது. "முருகன் கையால வாங்கித் தின்னட்டும், புத்தி தானா வரும்" என்றாள். தம்பியை விட்டுவிட்டு அம்மா எழுந்தால் அவன் ஓடிவிடுவான். ஆகவே எடுத்துவரும் வேலை எனக்கு.

"வாடா ராசா!" வருவான். "பாப்பா, எடுத்துட்டு ஓடியா!" ஓடுவேன். டப்பாவைத் திறந்து, கண்ணில் ஒற்றி, அவனுக்கு ஒன்று எடுப்பேன். எனக்கு ஒன்று. கடித்தால் முன்னறைக்குக் கேட்கும். அதனால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று நாக்கடியில் கரைய விடுவேன். அதற்குள் அங்கே அவனுக்குப் பொறுக்காது. காதில் பட்பட்டென்று அடித்துக்கொள்ள ஆரம்பிப்பான்.

"அடியே, அங்கயே குடியிருக்கியா? புள்ள அடிச்சுக்குறான் பாரு!"

வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவன் வாயில் போடுவேன். அடி நின்றுவிடும். எங்களுக்கும் அப்பாடா என்றிருக்கும்.

ஒரு மாசத்தில், 'வா' என்றால் அவன் நின்ற இடத்திலேயே நின்று காதில் அடித்துக்கொண்டான். சனிக்கிழமை மட்டும் நன்றாக வந்தான். அன்று சாமிக்குக் காட்டி எடுத்த கற்கண்டு டீச்சர் கைக்குள்ளேயே இருக்கும். "டீச்சரம்மாவ மட்டும்தான் மதிக்கிறான், பெத்தவள மதிக்கல" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "நல்ல படிப்புடி. இருந்த காதும் போயிரும்போல" என்றார்.

அப்புறம் ஒரு நாள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தது. எல்லார் கையிலும் குடம். அந்தச் சந்தடியில் தம்பி நழுவிவிட்டான். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள், பின்னால் நான். நாங்கள் தெருமுனைக்குப் போகும்போது அவன் ரோட்டின் நடுவில்.

"வாடா ராசா!"

கேட்டது அவனுக்கு. திரும்பினான். அம்மாவைப் பார்த்தான். அங்கேயே நின்று காதில் இரண்டு அடி அடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காத்திருந்தான்.

லாரி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. பம்பருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை. டிரைவர் இறங்கி வந்து, "ஏம்மா, கூப்புட்டாப் போதுமா? புடிக்க வேணாமா?" என்று கத்தினார். அம்மா அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தான்.

அந்த சனிக்கிழமை டீச்சர், "தினம் எப்படிச் செய்றீங்களோ அப்படியே செய்ங்க" என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அன்று தின்னவில்லை, ஆனால் பயத்தில் டப்பா மூடி திறக்கவில்லை. தம்பி அடித்துக்கொண்டான். ஒருவழியாகத் திறந்து கொண்டுவந்து வாயில் போட்டதும் நிறுத்தினான்.

"வந்ததுக்கு இல்லம்மா, அடிச்சுக்கிட்டதுக்குத்தான் ஸ்வீட் போயிருக்கு" என்றார் டீச்சர். பிறகு என்னிடம், "ஏன் பாப்பா இவ்ளோ லேட்டு?"

"சாமி கும்பிட்டுட்டு எடுத்தேன்."

அம்மா முகம் செத்துப்போயிற்று. "என் பக்தியே எம்புள்ளைக்குக் குறுக்க நின்னுருச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சர் பதறி, "அய்யோ, பேடாம்மா, அப்படிச் சொல்ல வேணாம்! காலையில ஒருவாட்டி சாமிக்குக் காட்டிட்டு இடுப்புல முடிஞ்சுக்கோங்க" என்றார்.

அப்படியே செய்தாள். கூப்பிட்டால் வர அவனுக்கு ஒன்றரை மாசம் ஆயிற்று. காதில் அடிப்பது போக ஒரு வருஷத்துக்கு மேல். இன்று அவன் என் வீட்டில் இருக்கிறான், ஒரு குரலுக்கு வருகிறான். அம்மாதான் கடைசிவரை வெள்ளிக்கிழமை தவறாமல் மலைக்கோயில் ஏறி மன்னிப்புக் கேட்டாள். பக்கத்தில் கை கூப்பி நான் நின்றேன்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று அன்று எல்லோரும் சொன்னோம். கொடுத்த பாடத்தை அவன் பிசகாமல் படித்திருந்தான் என்பது எனக்குப் புரியவில்லை. திருடியது கற்கண்டு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். என் அம்மாவின் சாமி மேல் பழியைப் போட்டு முடித்துவிடாதீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றவளையும் சேர்த்து, இருக்கிறபடியே சொல்லுங்கள்.