பெப்பியோடு ஒரு கோடை

போன வாரம் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஒரு பெண் ஏறினாள். கையில் ஒரு நாய்க்குட்டி. குட்டி என்று நினைத்தது என் தவறு. முகத்தைப் பார்த்ததும் அது வளர்ந்து முடித்த நாய் என்று தெரிந்துவிட்டது. தட்டை மூக்கு, தாடி, மீசை, எதிலும் திருப்தியில்லாத தலைமையாசிரியர் பார்வை. "ஆன்ட்டி, டர் லக் ரஹா ஹை க்யா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பயமெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு அதன் முதுகில் விரலை ஓட்டினேன். தேங்காய் நார் மாதிரி முரடான முடி. என் மாடியில் இறங்க மறந்து உச்சி மாடி வரை போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து விரலை முகர்ந்து பார்த்தேன். வயசாக ஆக இப்படியெல்லாம் கிறுக்குத்தனம் வருகிறது, நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். விரலில் ஷாம்பு வாசனைதான் இருந்தது. முன்பு என்னிடம் இருந்த பெப்பியின் முடியில் கிணற்றுக் கயிறு நனைந்தால் வருகிற வாசனை வரும். பெப்பிக்கு ஷாம்பு தெரியாது. டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் தலைக்கே சீயக்காய்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் சாணக்கியபுரியில் ஒரு சின்னத் தூதரகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அங்கே இருந்த ஓர் அதிகாரியின் மனைவி, மாற்றலாகிப் போகும்போது பெப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகிற நாட்டில் நாயை மாதக்கணக்கில் தனியே அடைத்து வைப்பார்களாம். இருக்கிற அத்தனை பேரில் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத முகம் எனக்கு, அதுவாக இருக்கலாம். பிரஸ்ஸல்ஸ் கிரிஃபான் என்று ஜாதி சொன்னார். எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்த அன்றே "பந்தர், பந்தர்" என்று கத்தினார்கள். குரங்கு என்பதும் பொருத்தமாகத்தான் இருந்தது.

அதன் முடியைக் கத்தரிக்கக் கூடாது. செத்த முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வளர்ந்த வாக்கில் இழுத்து எடுக்க வேண்டும். வலிக்காது. பெப்பி கண்ணை மூடி என் மடியில் சொக்கிப் போய்க் கிடக்கும். அம்மாவுக்குத்தான் பார்க்கப் பொறுக்காது. "பாவம்ட்டி, இப்படிப் பிச்சுப் பிச்சு எடுக்கியே" என்பாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். அதனால் பெப்பியும் சைவமாகி, தயிர்ச்சோறு தின்று, தாடியில் ஒட்டிய பருக்கையோடு வீடெல்லாம் சுற்றியது. சாப்பிட்ட கையோடு தாடியைத் துடைத்துவிடாவிட்டால் புளித்த வாடை தூக்கும்.

அப்பா அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அது" என்பார். கோபம் வந்தால் "ஒன் மிருகம்" என்பார். அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவராத ரகம். யாரிடமும் எதையும் கேட்காதவர். பணி முடிந்த பிறகும் அரசாங்க வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி அவர் பேசாத பேச்சில்லை.

அவருக்குப் பணி ஓய்வு மே மாதக் கடைசியில் வந்தது. அவர் பிறந்தது என்னவோ மார்கழியில். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அதனால் டெல்லித் தமிழர்களில் பாதிப் பேர் அனல் கொதிக்கும் நேரத்தில்தான் ஓய்வு பெற்று மூட்டை கட்டினார்கள். பாத்திரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டே அம்மா முனகினாள். "நீங்க மார்கழியிலதான பொறந்திய? அந்த வாத்தியாரு அப்படியே எழுதியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பாரு?"

அம்மா விளையாட்டாகச் சொன்னதை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. தட்டை மூக்கு நாய்க்கு வெயில் எமன். ஏப்ரலிலேயே பெப்பி நாக்கைத் தொங்கப் போட்டுத் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி மூச்சு வாங்கியது. வெட்டிவேர் தட்டி வைத்த கூலர் முன்னால் இருந்து நகராது. அக்கா கல்யாணமாகி முன்பே போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போகிறார்கள். நான் கோல் மார்க்கெட் பக்கம் பெண்கள் விடுதியில் சேருகிறேன், அங்கே நாய் கூடாது. ஆக, பெப்பி அவர்களோடு ரயிலில், கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஊர் போக வேண்டும். ஜூன் மாதத்தில், நாக்பூர் வழியாக. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "பேட்டி, இஸ்கோ மசூரி பேஜ் தோ, மேரா பாயி ரக் லேகா" என்றார். மசூரி மலையில் இருந்த அவர் தம்பி பார்த்துக்கொள்வாராம். அந்தத் தம்பியிடமிருந்து பதிலே வரவில்லை.

சாமான்கள் லாரியில் போயின. கூலரையும் விற்றாயிற்று. அப்பா எதையும் முறைப்படி செய்கிறவர் இல்லையா, நாய்க்கு டிக்கெட் எடுக்கும் விவரம் கேட்க ஒரு மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"கூண்டப் பாத்தேன். தகரப் பொட்டி. உள்ள கைய விட்டுப் பாத்தேன், வைக்க முடியல" என்றார்.

நாயை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், மழை வரும்வரை வீட்டில் இருக்க அனுமதி கேட்டார். விதியில் அதற்கு இடம் உண்டு. எல்லோரும் பிள்ளை படிப்பு, மனைவி உடம்பு என்று ஏதாவது காரணம் சொல்லி வாங்குவார்கள். அப்பாவுக்குப் பொய் வராது. நாய் வெயில் தாங்காது என்று மேலதிகாரியிடம் நின்று சொல்லியிருக்கிறார். அனுமதி கிடைத்தது. செக்ஷனே சிரித்தது என்று பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

காலி வீட்டில் அந்தக் கோடையைக் கழித்தோம். கூலர் போன ஜன்னலில் அப்பா தன் வேட்டியை நனைத்துத் தொங்கவிட்டார். காய்ந்ததும் மறுபடி நனைப்பார். பெப்பிக்கு ஈரச் சாக்கு, எங்களுக்கு வெறும் தரை. பகலில் கரண்ட் போனால் நாங்கள் பெப்பியின் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்போம். அது கொஞ்சம் நிதானப்பட்டால்தான் எங்களுக்கும் மூச்சு வரும். மழையோ வருகிற வழியாக இல்லை.

ஒரு நாள் மத்தியானம் பெப்பியின் நாக்கு கருத்துவிட்டது. கண் சொருகிப் போயிற்று. அப்பா குடையை மறந்து ஓடி, உமி ஒட்டிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பெப்பி பிழைத்தது. அப்பா அன்று மாலையே படுத்துவிட்டார். லூ, அந்த அனல்காற்று, அடித்துவிட்டது. உடம்பு நெருப்பாய்க் கொதித்து வாய் குழறியது. பஞ்சாபி அம்மாள் லூவுக்கு மருந்தென்று சுட்ட மாங்காயைக் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "ஒரு நாய்க்காவ ஒங்க அப்பா உசுரு போணுமா? நாளைக்கு அத எங்கயாது கொண்டு விட்டுட்டு வா."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நானும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பெப்பியின் கழுத்துப் பட்டையைத் தேடி எடுத்தேன். பாயிலிருந்து அப்பா குரல் வந்தது. "குடுக்கதா இருந்தா நான் எதுக்குட்டி அந்த ஆபீஸ்ல போயி நின்னேன்?" அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பட்டையை ஆணியில் மாட்டினேன்.

ஒருவழியாக மழை வந்தது. அப்பா எழுந்து நடமாடினார், ஆனால் பாதி ஆளாகியிருந்தார். ஸ்டேஷனில் அவர்தான் பெப்பியைக் கூண்டுக்குள் வைத்தார். முதலில் கையை விட்டுத் தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரச் சாக்கை விரித்து, அப்புறம் வைத்தார். "எறங்கி எறங்கிப் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றார். இருக்கிற நிலையில் அவரை யார் பார்த்துக்கொள்வது என்று எனக்குக் கவலை. வண்டி போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

விடுதியில் சோறு இறங்கவில்லை. ஊரில் போன் கிடையாது, தந்தி ஒன்றுதான் வழி. அப்பாவின் தந்தியும் எனக்குத் தெரிந்ததுதான். எத்தனை பேர் போனாலும் "ரீச்ட்" என்று ஒற்றைச் சொல். அது வந்தால் நாயைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. தந்திக்காரர் வந்தபோது வாசலிலேயே பிரித்தேன்.

"ஆல் த்ரீ ரீச்ட்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தந்திக்காரர் துக்கச் செய்தி என்று நினைத்து, "சப் டீக் ஹோ ஜாயேகா" என்று தேற்றிவிட்டுப் போனார்.

பெப்பி ஊரில் சில வருஷம் இருந்தது. நான் லீவில் போனால் அப்பா அதைப் பிடித்துக்கொள்வார், நான் முடி எடுப்பேன். கடைசிவரை "அது" என்றுதான் சொன்னார். கிட்வாய் நகரில் எங்கள் வீடு நின்ற இடத்தில் இப்போது அண்ணாந்து பார்க்கும் கட்டடங்கள். தந்தியையே நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று பேரில் ஒருவரும் இல்லை.

நான் எந்த ஊருக்குப் போனாலும் அக்கா மகனுக்கு செல்போனில் செய்தி அனுப்ப வேண்டும், அது அவன் உத்தரவு. "ரீச்ட்" என்று ஒற்றைச் சொல்தான் அனுப்புகிறேன். எண்ணிச் சொல்ல என்னோடு வேறு யாரும் இல்லை.