இடது பக்கத்துக் கீறல்

பிள்ளைகளே, வையம்பட்டிக்காரர் உங்களிடம் போனில் சொன்னது உண்மைதான். அவர் வாங்கப்போகிற நம் அம்பாசிடரில் டயர் நாலும் புதுசு. போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இடது பக்கம் ரெண்டிலும் கீறல். அப்பாவுக்குக் கண் சரியில்லை, இனிமேல் எதையும் ஓட்டக் கூடாது என்று நீங்கள் ரெண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டீர்கள். போனில் எனக்குப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் காரியம் முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு எட்டு மாதம் வண்டியை நான் தொடவில்லை. டயரெல்லாம் அடியில் தட்டையாகி, வெடிப்பு விட்டிருந்தது. வாங்குகிறவர் ரெண்டு விஷயம் கேட்டார். புது டயர் வேண்டும், பழையபடி பெரிய சக்கரம் வேண்டும். சரி என்றேன்.

அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது அந்த வண்டியை நான் என்னவெல்லாம் பண்ணினேன் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்பக்கம் இடது சீட்டை வெளியே திரும்புகிற மாதிரி பட்டறையில் மாற்றினேன். சின்னச் சக்கரம் போட்டு வண்டியைத் தாழ்த்தினேன். "குள்ளமாக்கிட்டீங்க. இனிமே நீங்க, நான், வண்டி, மூணு பேரும் ஒரே உயரம்" என்று அம்மா சிரித்தாள்.

ஷெட்டில் கிடந்த பெரிய ரிம் நாலையும் ஏற்றிக்கொண்டு, காற்றடித்து, மெதுவாக ஓட்டிக் கரூர் பைபாஸ் ரோட்டு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய டயர்களைக் கழற்றி வரிசையாகச் சாய்த்து வைத்தார். இடது பக்கத்து டயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வலது பக்கம் ஒரு உரசல் இல்ல. இடது பக்கம் பூரா படியில தேய்ச்சே ஓட்டியிருக்கு. வீட்ல அம்மா ஓட்டுற வண்டிங்களா?"

"இல்லங்க. நான்தான் ஓட்டினேன்."

"அவங்களையே ஓட்டச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கடையில் கொடுத்திருந்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது, அதைக் குடித்தேன்.

டயர் ஏன் அப்படித் தேய்ந்தது என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வாசல் படிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் அம்மா இறங்க மாட்டாள், கால் உள்ளே போய்விடும் என்று பயம். அதனால் டயர் படியில் உரசுகிற வரைக்கும் ஒட்டி நிறுத்துவேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் பெல்ட்டைக் கழற்றுவாள். மூன்று வருஷம்.

பெரிய சக்கரத்தில் புது டயர் ஏறியதும் வண்டி நிமிர்ந்துவிட்டது. கடையை விட்டுக் கிளம்பினேன். ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டுக்கு நேராகக் காவிரிப் பாலத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் தில்லைநகர் பக்கம் திரும்பியிருக்கிறேன். வேண்டுமென்று திரும்பவில்லை, கை அந்தப் பக்கம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் கேட்கிற வரைக்கும் ஒட்டி நிறுத்தினேன். கீறல் அப்படி வந்ததுதான். கண் நன்றாகத் தெரிகிறது.

வண்டியை ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். எனக்கு மறுப்பு இல்லை. இனிமேல் ஓட்டிக்கொண்டு போவதற்கும் எனக்கு இடம் எதுவும் இல்லை.

அன்றைக்கு மத்தியான நேரம், ஆஸ்பத்திரி வாசலில் ஆள் இல்லை. நான் இறங்கிச் சுற்றி வந்து, இடது கதவைத் திறந்து, சீட்டை வெளியே திருப்பினேன். படியிலிருந்து முன்னைவிட உயரமாக இருந்தது. அம்மாவுக்குக் கால் எட்டியிருக்காது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சீட்டை உள்ளே திருப்பி, பெல்ட்டைப் போட்டு, கதவைச் சாத்தினேன்.