காலாவதியான உயிரியல்

காலை ஒன்பது ஐந்துக்கு, ஆக்லாந்தில் ஒரு செவிலியர் கல்லூரியின் சேர்க்கை மேசை முன் முதலில் கண்ணில் பட்டது, செவிலியர்கள் அணிவதுபோல் ஒரு பெண்ணின் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். முதியோர் இல்லப் பணியாளரின் சீருடை அணிந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரோடு பேச்சு சூடாகும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்தை நிமிர்த்திப் பார்ப்பார். குரல் மட்டும் உயராது.

இதே கல்லூரியில் பாதியில் விட்ட படிப்பைத் தொடரலாம், ஆனால் உயிரியலில் அவர் பெற்ற தேர்ச்சி காலாவதியாகிவிட்டது, அதை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார் மேசையிலிருந்த அலுவலர்.

மகளைச் சேர்க்க வந்து பின்னால் நின்ற என்னிடம் அந்தப் பெண் திரும்பினார்.

"தமிழோ அண்ணா?"

"ஆமாங்க."

"இதயத்தில இப்ப அஞ்சாவது அறை கட்டிப்போட்டினமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வயசான ஆக்களுக்கு மருந்து குடுக்க என்ர படிப்புக் காணுமாம். நேர்ஸ் ஆகத்தான் காணாதாம்."

பால் பாட்டிலுக்குப் போடும் தேதியை ஒரு மனிதரின் அறிவுக்கும் போடுகிறார்கள். விதி என்று புன்னகையோடு சொல்லவும் செய்கிறார்கள்.

பிப்ரவரியில் கல்வியாண்டு தொடங்கியதும் அந்தப் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பில் உயிரியல் படித்தார்கள். பாடம் நடத்தியவர், முன்பு அவருக்கு அதே பாடத்தில் தேர்ச்சி கொடுத்த விரிவுரையாளர்.