பெரியவருக்கு மூச்சு முட்டியது

கன்னிகாவுக்கு மீன் என்றால் குழம்பில்தான் பழக்கம். நகரியில் அவள் பிறந்த வீட்டில் விசைத்தறி நிற்கும் நாளில்தான் மீன் வாங்குவார்கள். சாப்பிடுகிற மீனை விட்டுவிட்டு, நீந்துகிற மீனுக்காக ஒருநாள் வேலையிடத்தில் பொய் சொல்லப் போகிறாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் அவளுக்கு வேலை. வந்து இறங்கும் கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து சொல்ல வேண்டும். வேலூருக்கு வாழப்போன கல்யாணம் சீக்கிரமே கலைந்துவிட்டது. நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பா போய், அம்மாவும் போன பிறகு தம்பி வீட்டில் புதுத் தறிகள் வந்தன. அவளை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். எங்கே படுப்பது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது சுலபமில்லை. எத்தனையோ வாசல்களில் "வீட்டுக்காரர் எங்கே வேலை செய்யறாரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்த பிறகுதான் ஊருக்குள்ளேயே மிட்டூரில் டாக்டர் நாகேந்திரனின் வீடு அமைந்தது. அவர் குடும்பத்தோடு ஐதராபாத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மாடியைப் பூட்டிவிட்டுக் கீழ்ப்பகுதியை அவளுக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்த கோய் என்கிற அலங்கார மீன்கள், செம்மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாக. அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மீன வளக்கறது பெரிய விஷயம் இல்லம்மா. தண்ணிய வளக்கணும்," என்று டாக்டர் காட்டிக் கொடுத்தார். மோட்டார் தொட்டித் தண்ணீரை இழுத்து ஓரத்திலிருக்கும் பெரிய டிரம்முக்குள் அனுப்பும். அதுதான் ஃபில்டர். உள்ளே அடுக்கடுக்காக ஸ்பாஞ்ச். மீன் கழிவை அங்கே குடியிருக்கும் நல்ல கிருமிகள் தின்று தீர்க்க, சுத்தமான தண்ணீர் கல்மேல் விழுந்து தொட்டிக்குத் திரும்பும். "கரண்ட் ரொம்ப நேரம் போச்சின்னா அந்தக் கிருமி செத்துப்போயிடும். ட்ரம்முல இருக்கற தண்ணி விஷமாயிடும். கரண்ட் வந்த ஒடனே மோட்டாரப் போட்ராதீங்க. அந்தத் தண்ணிய வெளிய தெறந்து விட்டுட்டு, அப்பறம் போடுங்க."

அவர் வீடியோவில் கூப்பிடுவார். கன்னிகா போனை எடுத்ததும் அவள் முகம்தான் திரையில் வரும். "கேமராவ கொஞ்சம் கீழ காட்டுங்கம்மா," என்பார். அவள் காட்டுவாள். பெயர் சொல்லி ஒவ்வொரு மீனாக விசாரிப்பார். அப்புறம் வைத்துவிடுவார்.

டாக்டர் வீட்டுப் பெண் வைத்த இங்கிலீஷ் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. ஒன்றுக்கு மட்டும் தானே பெயர் வைத்தாள். எல்லாவற்றிலும் பெரிதான வெள்ளை மீன். தீனி போட்டால் மற்றவை அடித்துப் பிடித்துக்கொண்டு வரும். அது மட்டும் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தபின் வருகிற ஆள்போல மெல்ல வரும். பெரியவர் என்று கூப்பிட்டாள். கொஞ்ச நாளில் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கொல்லைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கல்மேல் தண்ணீர் விழும் சத்தம் இருக்கும்வரை வீட்டில் யாரோ இருப்பதுபோல இருக்கும். கரண்ட் போனால் அந்தச் சத்தமும் போகும். அப்போதுதான் வீடு எத்தனை பெரியது என்று தெரியும்.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. மாந்தோப்புகளில் காயெல்லாம் உதிர்ந்தது. ஊரைச் சுற்றி மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. வீட்டிலிருந்த இன்வெர்ட்டரால் மோட்டாரை இழுக்க முடியாது. காற்றைக் குமிழியாக விடும் சின்ன பம்ப்பை மட்டும் ஓட்டும். அதை ஓடவிட்டு, தீனி போடாமல், காலையில் வேலைக்குப் போனாள். தின்றால் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், கழிவும் சேரும்.

தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ஓடியது. உதிர்ந்த காயெல்லாம் லாரி லாரியாக வந்து நின்றது. மத்தியான வெயில் ஏறியபோது அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. இன்வெர்ட்டர் இந்நேரம் செத்திருக்கும். தண்ணீர் சுடச் சுட அதில் காற்று குறையும். பெரிய மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். எழுந்து, தெலுங்கு கலந்து பேசும் சூப்பர்வைசர் ரமணாவிடம் போனாள்.

"ஏமி கன்னிகாகாரு, இந்த சீசன்ல லீவா?"

"வீட்ல ஒடம்பு சரியில்ல சார். மூச்சு முட்டுது."

"எவரிக்கி? யாருக்கு?"

மீனுக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "பெரியவருக்கு," என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்த ரோஜா திரும்பினாள். "உங்க நைனாவா அக்கா? கூட இருக்காருன்னு நீங்க சொல்லவே இல்லியே!"

கன்னிகா தலையை ஆட்டிவிட்டாள்.

"ஆக்சிஜன் கீது இருக்கா?" என்றாள் ரோஜா.

"அதுக்குத்தான் போய்க்கினு இருக்கேன்."

ரமணா எழுந்தே விட்டார். "போங்க, போங்க. நாளைக்கும் வர வேணாம். நான் பாத்துக்கறேன்."

ஆட்டோவில் வரும்போது வெட்கமாக இருந்தது. ஆனால் கொல்லைக்கு வந்து பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. பெரியவர் ஒரு மூலையில் ஒருக்களித்து நின்றார். கன்னிகா பழைய சேலைகளை எடுத்து வெயில் விழும் பக்கம் கட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். குடத்தில் தண்ணீரை மொண்டு தலைக்குமேல் தூக்கி ஊற்றினாள். மேலேயிருந்து விழுகிற தண்ணீர்தான் காற்றைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். மொண்டாள், ஊற்றினாள். தோள் விட்டுப்போனபோது கரையில் உட்கார்ந்தாள். மீன்கள் மேலே வந்ததும் மறுபடி எழுந்தாள். டாக்டருக்குப் போன் போட்டால் டவர் இல்லை. வேறு யாரைக் கூப்பிடலாம் என்று போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். "மீன் சாவுது, வந்து தண்ணி ஊத்து" என்று சொல்லக்கூடிய ஒரு பெயர்கூட அதில் இல்லை. போனை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

மறுநாளும் கரண்ட் வரவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் அவள் தொட்டிக்குள் நின்று ஊற்றிக்கொண்டிருக்க, வாசலில் குரல் கேட்டது. கைநிறைய இளநீரும் பிரெட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ரமணாவும் ரோஜாவும் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார்கள்.

"நைனா எங்கக்கா?" என்றாள் ரோஜா.

கன்னிகா குடத்தை இறக்கினாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. வெள்ளை மீனைக் காட்டி, "அவருதான்," என்றாள்.

ரமணா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அங்க ஆளில்லாம தவிக்கறோம். இதி சேப்பலு, கன்னிகாகாரு. வெறும் மீனு!" ஹார்லிக்ஸ் பாட்டிலைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு வெளியே போய் பைக்கை உதைத்தார்.

ரோஜா போகவில்லை. "அப்போ உங்க நைனா?"

"அவரு போய் ரொம்ப வருசமாச்சி."

"நேத்து வெளக்கேத்தி அவருக்காக வேண்டிக்கினேன்க்கா. எங்க வீட்ல கொழந்தைங்கள கூட கும்பிடச் சொன்னேன்." அவள் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"மீனுன்னா லீவு குடுப்பாங்களா ரோஜா? ஆளுன்னாதானே குடுப்பாங்க. எனக்கு ஆளு இல்ல."

ரோஜா வாளியை எடுத்துக் கரையில் மண்டியிட்டு மொண்டு ஊற்றத் தொடங்கினாள். மீன்கள் கீழே இறங்கும்வரை இரண்டு பேரும் ஊற்றினார்கள். பிள்ளைகள் பள்ளி லீவில் வீட்டில் தனியாக இருப்பதால் ரோஜா ஈரப் புடவையோடு கிளம்பிப் போனாள்.

அன்று பிற்பகல் கரண்ட் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் கிளம்பியது. கன்னிகா மோட்டார் சுவிட்சைத் தொடவில்லை. டிரம்மின் அடிக்குழாயைத் திறந்தாள். கறுப்பாக, முட்டை அழுகிய நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. அது முழுக்க வடிந்து, உள்ளே அலசிவிட்ட தண்ணீரும் தெளிந்த பிறகுதான் மோட்டாரைப் போட்டாள். கல்மேல் தண்ணீர் விழுந்தது. மீன்கள் அந்த இடத்துக்குக் கீழே வந்து கூடின. கடைசியாகப் பெரியவரும் வந்தார். ஒன்றுகூடச் சாகவில்லை. நடுக்கூடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்த பிரெட்டைத் தின்றாள். அதற்குள் பசி உயிர்போகும் அளவுக்கு வந்திருந்தது.

டாக்டர் கூப்பிட்டார். அவர் கேட்குமுன் அவளே கேமராவைக் கீழே காட்டினாள். எல்லா மீனையும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்! இனிமே உங்களுக்கு இந்தத் தொல்ல வேணாம்மா. திருப்பதில என் ஃபிரெண்ட் ஓட்டல் கட்டியிருக்காரு. அங்க அனுப்பிடலாம்." நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அவளும், "சரிங்க சார்," என்றுதான் சொன்னாள்.

மீன்களை ஏற்றிப்போக வேன் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். சாயங்காலம் செருப்போடு கொல்லைக்குப் போனபோது பாதித் தண்ணீரோடு தொட்டி அசையாமல் கிடந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

தொழிற்சாலையில் ரமணா வேலையைத் தவிர வேறு பேசவில்லை. ரோஜா மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்து சாப்பிட்டாள். மீன் போய்விட்டதைச் சொன்னபோது, "போய்ப் பாத்துக்கினு வரதுதானே," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதி பஸ் ஏறினாள். ஓட்டல் வரவேற்பறையில் மொட்டையடித்த குடும்பங்கள் பெட்டிகளோடு நின்றன. நடுவில் கண்ணாடிக்கூரைக்குக் கீழே பெரிய குளம், சுவர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் ஓரமாகப் போய்ப் பார்த்தாள். பெரியவர் இருந்தார். குழந்தைகள் பிஸ்கட்டை நீட்ட, மற்ற மீன்களோடு சேர்ந்து அவரும் முண்டியடித்து முன்னால் வந்துகொண்டிருந்தார்.

திடீரென விளக்குகள் அணைந்தன. தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கக் கன்னிகாவின் கை புடவைக் கொசுவத்துக்குப் போயிற்று. ஆனால் மூச்சு விடுவதற்குள் எங்கோ ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் எரிந்தன. கொட்டுகிற தண்ணீர் இடையில் நின்றதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சுற்றியிருந்த யாரும் தலை நிமிரவில்லை. மீன்களும்தான்.

"ரூம் எடுத்துக்கினு இருக்கீங்களாமா?" என்று வாட்ச்மேன் வந்து கேட்டான்.

"இல்லப்பா. சும்மா பாக்க வந்தேன்."

அவள் நிம்மதியாகத்தான் வெளியே வந்தாள். திரும்பும் பஸ் சந்திரகிரி தாண்டுகிறவரை அந்த நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, மாலை வெயில் இருக்கும்போதே டிரம்மைத் திறந்து உள்ளே காய்ந்து நாறிக்கிடந்த ஸ்பாஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"மீனுதான் போயிடுச்சே, இத்த எதுக்குத் தோச்சிக்கினு இருக்கே?"

"அழுக்கா இருந்துச்சிம்மா," என்று சொல்லிவிட்டு, கன்னிகா அடுத்ததை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினாள்.