சுண்ணாம்புப் புண் அல்ல

மேஸ்திரி, நீ என்னைச் சாகவிடப் பார்த்தாய். முழங்கையில் ஆறாத புண்ணைக் காட்டியபோது, "சுண்ணாம்புப் புண்ணுடா, எண்ணெ தடவு" என்று லீவு தரவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற நாங்களும் எந்தப் புண்ணையும் அப்படித்தான் நினைத்தோம். வேலூர் ஆஸ்பத்திரியில் அதைப் புற்று என்று சொல்லி வெட்டியெடுத்தார்கள். மறுபடி வரும், உடம்பு முழுக்கப் பார்த்துக்கொண்டே இரு என்றார்கள்.

அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். ஷாப்பில் தோலைத் தடவித் தரம் பிரிப்பதைப் பார்த்தவள். ஞாயிறுதோறும் என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்து, உச்சந்தலை முதல் கால்விரல் இடுக்கு வரை அதேபோலத் தடவுவாள்.

"இன்னாமே, வெல போடப் போறியா?"

"ரிஜெக்ட்டு மாலுயா நீ, எவன் வாங்குவான்? திரும்பு."

காதுக்குப் பின்னால் ஒருமுறை, முதுகில் ஒருமுறை, மிளகளவு இருக்கும்போதே கண்டுபிடித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் கண்ணுக்கு ஈடான கண் எந்த டாக்டருக்கும் இல்லை. நான் உயிரோடிருப்பது அவளால்.

இப்போது என்னோடு தொட்டியில் நின்றவன் கையிலும் ஆறாத புண். அவனுக்கும் நீ எண்ணெய்தான் சொல்கிறாய். அவனை ஏன் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை? ஷாப் வாசலில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்.