பரமபத வாசலில் அத்தையின் நாடி

நாடி பார்க்கக் கற்றுக்கொண்ட வாரத்தில் ஒருவருடைய மணிக்கட்டும் என்னிடமிருந்து தப்பவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துக் காவிரிக்கு அந்தப்புறம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினால் இதயம் ஓடுவது தெரியும் என்று சயின்ஸ் டீச்சர் சொன்னார். அழுத்தினேன். தெரிந்தது! எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான் சொல்லாமலே, நான் தூங்கும்போதுகூட, உள்ளே ஒன்று விடாமல் வேலை பார்க்கிறது என்பதை ஒரு மனுஷி எப்படித் தாங்கிக்கொள்வது?

அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கெஞ்சி வாங்கி, ஊரையே எண்ண ஆரம்பித்தேன். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. அம்மாவுக்கு எண்பது. பால்காரருக்கு அறுபத்தெட்டு. அவருடைய மாட்டுக்கு மணிக்கட்டு எங்கே என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அத்தைக்கு மட்டும் பார்க்க முடியவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தார். விடியுமுன் குளித்து மடிப்புடவை உடுத்தினால், பெருமாளுக்குத் தளிகை படைத்துத் தானும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் அவரைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, விளக்கேற்ற அதே மடிதான். அதனால் அந்த வீட்டில் யாருமே அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை.

பார்த்துப் பார்த்து வியந்தவர்கள் மட்டும் நிறைய. ஒரு வருஷமாக அத்தைக்கு என்னவோ ஆகியிருந்தது. மார்கழிக் குளிரில் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டிருப்போம். அத்தைக்கு நெற்றியில் வியர்வை வழியும். பாசுரம் சொல்லும்போது விரல்கள் நடுங்கும். கண்கள் இமைக்க மறந்தவைபோல் பெரிதாகி மின்னும். மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். உடம்போ கற்பூரமாய்க் கரைந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் எதிர்வீட்டு மாமி ஒரே வரியில் விளக்கம் சொல்லிவிட்டார்: "பெருமாள் அவளுக்குள்ளேயே எழுந்தருளியிருக்கார்டீ. சாப்பிடறது இவளா? அவர்னா அமுது செய்யறார்!"

தெரு நம்பியது. கல்யாண வீடுகளில் எதிரே வந்துவிடாமல் பின்கட்டோடு நின்றுவிடுகிற அத்தையைத் தேடிக்கொண்டு பெண்கள் வரத் தொடங்கினார்கள். காலில் விழுந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று அக்காரவடிசலும் திரட்டுப்பாலும் கொண்டுவந்தார்கள். அத்தை கூசிப்போவார். ஆனால் அவர்கள் போனபிறகு சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு மட்டும் கவலை. தெருக்கோடி கம்பவுண்டரைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அத்தையின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறமாகி நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். "சர்க்கரை வியாதி. அரிசியை நிறுத்துங்கோ" என்றார். ஒரு வாரம் கழித்து, வெறும் வயிற்றில் எடுத்ததைக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தது. கம்பவுண்டர் குழம்பிப்போனார். மாமி குழம்பவில்லை. "சர்க்கரையைக் குடுக்கறதும் அவர், எடுத்துக்கறதும் அவர்" என்றார்.

அரிசி நின்றது. காபி நிற்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு முன்தினமே அத்தை உபவாசம் தொடங்கிவிட்டார், டம்ளர் டம்ளராய்க் காபியோடு. காபி உபவாசத்தில் சேர்த்தியில்லை என்பது எங்கள் வீட்டு சாஸ்திரம்.

ஏகாதசி விடியலில் பரமபத வாசலுக்கு எதிரே நின்றோம். அந்தக் கூட்டத்தில் மடியாவது ஒன்றாவது! நான் தொலைந்துபோகாமலிருக்க அத்தையே என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாகக் கிடைக்காத மணிக்கட்டு தானாக வந்து சிக்கியது. விடுவேனா? மெல்ல விரலை நகர்த்தி, தீவட்டி வெளிச்சத்தில் கடிகாரத்தைத் திருப்பி எண்ணினேன். எழுபது. அட, கச்சிதம்! நிமிர்ந்தபிறகுதான், முள் பாதி வட்டம்தான் சுற்றியிருந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பது. என் விரலுக்குக் கீழே ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் வாசல் திறந்தது. "ரங்கா! ரங்கா!" என்று ஊரே ஒற்றைக் குரலாய் எழுந்தது. ரத்தினங்கள் பூண்ட பெருமாள் அசைந்து அசைந்து வந்தார். அத்தையின் உடம்பு முழுவதும் நடுங்கியது. கண்ணில் நீர் கொட்டியது. முகம் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்குப்பின் யாரிடமும் கண்டதில்லை. அப்படியே சரிந்து விழுந்தார்.

பெண்கள் அத்தையின் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான், "அப்பா, நூத்தி நாப்பது! அத்தைக்கு நூத்தி நாப்பது!" என்று அலறினேன்.

"வாயை மூடுடி! பரமபதம் தொறந்திருக்கற நேரத்துல உனக்குக் கணக்குப் பாடமா?" என்றார் மாமி.

ஆனால் அப்பா பொன்மலையில் ரயில் இன்ஜின்களோடு புழங்குகிறவர். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் பேச்சு வார்த்தை கிடையாது, இன்ஜினை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அத்தையைத் தூக்கிக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டி டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் போய்த்தான் நின்றார்.

டாக்டரம்மா முதலில் குழாயையோ மருந்தையோ எடுக்கவில்லை. "கையை நீட்டுங்கம்மா" என்று சொல்லி, அத்தையின் விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்றே இல்லை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்து, "எச்சிலை முழுங்குங்க" என்றார். தொண்டையில் ஒரு சிறு மேடு ஏறி இறங்கியது.

"காபி எத்தனை தரம்மா?"

"உபவாச நாள்ல ஆறு, ஏழு."

"மத்த நாள்ல?"

அத்தை தரையைப் பார்த்தார். "அதுவும் அப்படித்தான்."

"பட்டினி வேற, காபி வேற. ஏற்கெனவே ஓடற குதிரையை ரெண்டு சாட்டையால அடிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைப் பிளந்து நிற்பதைக் கண்டு எனக்கும் சேர்த்து விளக்கினார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு என்கிற அடுப்பை ஊதி எரியவைப்பது அது. அத்தைக்கு அது ஓயாமல் ஊதுகிறது. அதனால்தான் தின்றதெல்லாம் எரிந்துபோகிறது, வியர்க்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இனிப்புச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏறிச் சிறுநீரிலும் இறங்குகிறது. பட்டினி கிடந்தால் காணோம். "அரிசியை நிறுத்தினது தப்புங்க. நேரத்துக்கு நல்லாச் சாப்பிடணும். காபி வேணாம், உபவாசம் வேணாம். இந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க. விட்டா நெஞ்சு மறுபடி ஓடும், ஓடி ஓடி ஒரேயடியா நின்னாலும் நின்னுடும்."

திரும்பும் வழியெல்லாம் என் கழுத்தைத் தொட்டபடியே வந்தேன். ஒரு பட்டாம்பூச்சி! அது சிறகடித்தால் கண் மின்னுகிறது, கை ஆடுகிறது, குழாயில் நீலம் செங்கல்லாகிறது. பெருமாள் செய்த அற்புதம் என்று மாமி சொன்னதை விட இது பெரிய அற்புதமாக இருந்தது.

மாதங்கள் போகப் போக நூற்று நாற்பது நூற்றுப்பத்தாயிற்று, தொண்ணூறாயிற்று, எழுபத்தாறில் வந்து நின்றது. அக்காரவடிசல் சாப்பிட்ட பிறகும் கம்பவுண்டரின் மருந்து நீலமாகவே இருந்தது. அத்தையின் கன்னம் நிரம்பியது. குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார். மாத்திரை வந்த கதை தெருவில் பரவியது. காலில் விழ வந்தவர்கள் குறைந்தார்கள், பிறகு யாரும் வரவில்லை. எதிர்வீட்டில் சீமந்தம் நடந்தபோது அத்தை பழையபடி பின்கட்டில் இருந்துகொண்டார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நான் எழுபத்தாறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மார்கழி பிறந்தது. ஒருநாள் அலமாரியைத் துழாவும்போது, நான்கு நாளாக மாத்திரைப் புட்டி குறையவே இல்லை என்று கண்டுபிடித்தேன். துப்பறிந்துவிட்ட பெருமையோடு ஓடினேன்.

"மறந்துட்டேளா அத்தை?"

அத்தை என்னை அருகே கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு, "ஏண்டி, இதைப் போட்டுண்டா, இந்தத் தடவை வாசல் தொறக்கறச்சே எனக்கு ஒண்ணும் ஆகாதோ?" என்றார்.

"ஒண்ணுமே ஆகாது அத்தை! கை நடுங்காது, நெஞ்சு அடிச்சுக்காது. எல்லாரையும் போல நின்னு ஜம்முனு சேவிக்கலாம்!"

"எல்லாரையும் போல" என்று அத்தை சொல்லிக்கொண்டார்.

கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன். வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். கண்கள் நிறைந்து வழிந்தன.

"கசக்கறதா அத்தை?" என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய் ஒரு கல்கண்டு எடுத்துவந்து கொடுத்தேன்.